கூண்டில் பார்க்கும் நாயும் வீட்டுக்கு வரும் நாயும்: காப்பகத்தில் இருந்து தத்தெடுப்பவர்களுக்கான இழை

மாலைநடை

காப்பகத்தில் இருந்து நாய் எடுக்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "நல்ல குணமான நாயாப் பார்த்து எடுக்கிறது எப்படி?" என்பதுதான். என் வீட்டில் பல வருடங்களாகக் காப்பக நாய்கள்தான் இருக்கின்றன. ஓய்வு நாட்களில் காப்பகத்துக்குப் போய் அங்கிருக்கும் நாய்களை நடைக்குக் கூட்டிப்போவதும் உண்டு. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: கம்பிக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு ஒரு நாயின் குணத்தை யாராலும் சொல்லிவிட முடியாது. அங்கே நம் கண்ணுக்குத் தெரிவது அதன் பயம். குணம் பின்னால்தான் வெளியே வரும்.

அந்த இடம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். நாள் முழுக்கக் குரைப்புச் சத்தம். படுக்கக் கடினமான தரை. பக்கத்துக் கூண்டில் யார் என்று தெரியாது, வாசனை மட்டும் வருகிறது. வருகிறவர்கள் எல்லாரும் முன்பின் தெரியாதவர்கள். 1997ல் மைக்கேல் ஹென்னஸியும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் காப்பக நாய்களின் இரத்தத்தில் கார்ட்டிசோல் என்ற மன அழுத்த ஹார்மோனை அளந்தார்கள். உள்ளே வந்த முதல் மூன்று நாட்களில் அது வீட்டு நாய்களுக்கு இருப்பதைவிட மிக அதிகமாக இருந்தது. 2019ல் ஐந்து காப்பகங்களில் 207 நாய்களை ஓரிரு இரவுகள் வீடுகளில் தங்கவைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று வந்தது. வீட்டில் தங்கிய அந்த இரவுகளில் கார்ட்டிசோல் இறங்கியது, நாய்கள் நீண்ட நேரம் நிம்மதியாக ஓய்வெடுத்தன. காப்பகத்துக்குத் திரும்பியதும் அளவு பழையபடி ஏறிவிட்டது. நாய் அதே நாய்தான், இடம் மட்டும்தான் மாறியது.

கம்பியில் பாய்ந்து பாய்ந்து குரைக்கிற நாயைப் பார்த்ததும் "இது ரொம்ப முரடு" என்று நகர்ந்துவிடுகிறார்கள். அதே நாயைக் கயிறு கட்டி வெளியே புல்தரைக்குக் கொண்டுவந்தால், மண்ணை முகர்ந்து முகர்ந்து பத்து நிமிடத்தில் தோள் தளர்ந்து, நம் காலில் சாய்ந்து நிற்கும். வெளியே வரவேண்டும், மனிதர் பக்கத்தில் போகவேண்டும் என்ற தவிப்பைக் கம்பி தடுக்கிறது. அதுதான் அந்தக் குரைப்பு.

இன்னொரு பக்கம், மூலையில் சுருண்டு படுத்து எதற்கும் அசையாத நாயைக் காட்டி "எவ்வளவு சாதுவா இருக்கு பாருங்க" என்கிறார்கள். என்னை அதிகம் கவலைப்பட வைப்பது இந்த வார்த்தைதான். பல நேரம் அது சாது இல்லை. பயத்தில் உறைந்து போயிருக்கிறது. வீட்டுக்கு வந்து சில வாரம் கழித்து, "இது நம்ம இடம்தான்" என்று தெரிந்ததும் அது குரைக்கும், செருப்பைக் கடிக்கும், கதவைச் சுரண்டும். வீட்டில் உள்ளவர்கள் "நாய் கெட்டுப்போச்சு" என்று திரும்பக் கொண்டுபோய் விடுவார்கள். உண்மையில் அன்றைக்குத்தான் அந்த நாய் தன் சுபாவத்தோடு அவர்கள் முன்னால் நின்றது.

காப்பகத்துக்காரர்கள் மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். முதல் மூன்று நாள் திகைப்பு, மூன்று வாரத்தில் வீட்டின் ஒழுங்கு பிடிபடும், மூன்று மாதத்தில் தன் வீடு என்ற நினைப்பு வரும். இது சட்டம் இல்லை. ஒரு வருடம் எடுத்துக்கொண்ட நாய்களும் உண்டு. ஆனால் முதல் வாரத்திலேயே தீர்ப்பு எழுதிவிடாமல் நம்மைத் தடுக்க இந்தக் கணக்கு உதவும்.

உங்கள் அனுபவம் என்ன? மாற்றுக்கருத்து இருந்தாலும் எழுதுங்கள்.

---

முதல்முறை

சரியான நேரத்தில் இதைப் படித்தேன். எங்கள் வீட்டில் ஆறு வயதுப் பையன் இருக்கிறான். காப்பகத்தில் நான்கு வயதுப் பெண் நாய் ஒன்றைப் பார்த்தோம். கறுப்பு நிறம், நெஞ்சில் மட்டும் வெள்ளை. எனக்கு மனசு அதிலேயே நிற்கிறது. என் கணவர், "குட்டியா எடுத்தாத்தான் நம்ம சொல் கேட்டு வளரும். பெரிய நாய்க்குப் பழைய பழக்கம் எல்லாம் இருக்கும்" என்கிறார். என் மாமியாருக்கோ கடித்துவிடுமோ என்ற பயம். யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியவில்லை.

---

இரவுக்காவல்

மாலைநடை அண்ணா, நீங்கள் எழுதியதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். மீதிப் பாதி எனக்கு ஆபத்தாகப் படுகிறது. கூண்டில் பார்த்து எதுவும் சொல்ல முடியாது என்றால், குழந்தை இருக்கிற வீட்டுக்கு எந்த நம்பிக்கையில் கொண்டுபோவது? "மூன்று மாதம் பொறுங்கள், குணம் வெளியே வரும்" என்கிறீர்கள். வெளியே வருவது கடிக்கிற குணமாக இருந்தால்? நாய் மேல் எனக்கும் பிரியம் உண்டு. ஆனால் இரக்கத்தில் எடுக்கிற முடிவு ஒரு குழந்தையின் முகத்தில் போய் முடியக் கூடாது.

---

கூடத்து ஜன்னல்

இரவுக்காவல் கேட்டது நியாயமான கேள்வி, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. நான் காப்பக நாய்களைத் தற்காலிகமாக வீட்டில் வைத்துப் பராமரித்து, சரியான குடும்பம் கிடைத்ததும் அனுப்புகிறவள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் குட்டி பற்றி. நாய்க்குட்டி உலகத்தோடு பழகிக்கொள்ளும் காலம் ஏறக்குறைய மூன்றாவது வாரத்தில் தொடங்கிப் பதினான்காவது வாரத்துக்குள் முடிந்துவிடுகிறது. 1965ல் ஸ்காட், ஃபுல்லர் என்ற இருவர் பல வருட ஆய்வை வெளியிட்டபோதே இது தெளிவாகிவிட்டது. அந்த வாரங்களில் குழந்தைகள், வண்டிச் சத்தம், குடை, தாடி வைத்தவர், படிக்கட்டு என்று எல்லாவற்றையும் பயமில்லாமல் பார்த்த குட்டி, பெரிதானதும் அவற்றைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளும். காப்பகத்துக்கு வரும் குட்டிகளில் பல அந்தக் காலத்தின் பாதியைத் தாண்டியே வருகின்றன. அதனால் "குட்டி என்றால் வெற்றுப் பலகை" என்பது சரியில்லை. குட்டி பெரிதானால் என்ன உயரம், என்ன சுபாவம் என்பதும் யாருக்கும் தெரியாது. நான்கு வயது நாயிடம் அந்தச் சந்தேகம் குறைவு. உயரம் இவ்வளவுதான், உரோமம் இப்படித்தான், பிள்ளைகளைப் பார்த்தால் ஒதுங்குகிறதா அருகில் வருகிறதா என்பதை இன்றைக்கே பார்க்கலாம்.

இரண்டாவது, இனம். கூண்டில் தொங்கும் அட்டையில் ஏதோ ஒரு இனத்தின் பெயரும் "கலப்பு" என்ற சொல்லும் இருக்கும். பெரும்பாலும் அது பார்வைக்கு எழுதியது. 2022ல் 18,000க்கும் மேற்பட்ட நாய்களின் விவரங்களை வைத்து வந்த பெரிய மரபணு ஆய்வு, தனி நாய்களுக்கு இடையில் உள்ள நடத்தை வேறுபாட்டில் சுமார் 9 சதவீதத்தை மட்டுமே இனம் விளக்குகிறது என்றது. அட்டையைப் படித்து முடிவெடுக்காதீர்கள்.

மூன்றாவது, காப்பகத்தில் நடத்தும் குணச்சோதனை. சாப்பிடும்போது பொம்மைக் கையைத் தட்டுக்குள் விட்டுப் பார்ப்பது மாதிரியானவை. கேரி பேட்ரோனெக், ஜேனிஸ் பிராட்லி இருவரும் 2016ல் எழுதிய கட்டுரையில், இந்தச் சோதனைகளின் கணிப்பு நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதைவிடப் பெரிதாக மேலானது இல்லை என்று கணக்குப்போட்டுக் காட்டினார்கள். காப்பகத்தில் தட்டுக்காக உறுமிய நாய்கள் பல வீட்டில் அப்படிச் செய்வதில்லை.

அப்படியானால் எதை நம்புவது? அந்த நாயோடு தினமும் இருப்பவரின் வாய்வார்த்தையைத்தான். கூண்டைக் கழுவுகிறவர், சோறு வைக்கிறவர், நடைக்குக் கூட்டிப்போகிறவர். அவர்களிடம் "நல்ல நாயா?" என்று கேட்டால் "ஆமாம்" என்றுதான் பதில் வரும். இப்படிக் கேளுங்கள்: பாத்திரத்தை எடுக்கப் போனால் என்ன செய்யும்? தூங்கும்போது தொட்டால்? பாதத்தையும் காதையும் பிடிக்க விடுமா? ஆண்கள் அருகில் வந்தால்? ஏற்கெனவே யாராவது எடுத்துப்போய்த் திருப்பிக் கொடுத்தார்களா, ஏன்? முன்பு இருந்த வீட்டில் குழந்தைகள் இருந்தார்களா? யாரையாவது கடித்திருக்கிறதா, தோல் கிழிந்ததா? கடைசிக் கேள்வியைக் கேட்கப் பலர் கூச்சப்படுகிறார்கள். கூச்சப்படவே கூடாது.

அதற்கும் மேலே, நேராக எடுக்காமல் முதலில் சில வாரம் தற்காலிகப் பராமரிப்பில் வைத்துப் பார்க்கிறோம் என்று கேளுங்கள். பல காப்பகங்கள் சம்மதிக்கும். குழந்தை இருக்கும் வீட்டுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

---

மாலைநடை

கூடத்து ஜன்னல் எழுதியதோடு ஒன்று சேர்க்கிறேன். முதல்முறை, பையனையும் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை காப்பகத்துக்குக் கூட்டிப்போங்கள். நாய் தானாக அவனிடம் வருகிறதா என்று மட்டும் பாருங்கள். அவனை நாயிடம் அனுப்பாதீர்கள். நெருங்க நெருங்க நாய் தலையைத் திருப்பிக்கொள்கிறது, தூக்கம் இல்லாமலே கொட்டாவி விடுகிறது, உதட்டை நக்குகிறது, கண்ணின் வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்க்கிறது என்றால், அது "போதும், தள்ளி நில்" என்று சொல்கிறது. வால் ஆடுவதை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். உடம்பு விறைத்து, வாலை உயர்த்திக் குறுகலாக ஆட்டும் நாய் மகிழ்ச்சியாக இல்லை.

வீட்டுக்கு வந்தபின் பையனுக்குச் சில பழக்கங்களைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் நாயைத் தொடுவது இல்லை. கட்டிப்பிடிப்பது இல்லை, மேலே ஏறுவது இல்லை. நாய்க்கு என்று ஒரு மூலை, அந்த மூலைக்குள் பையன் போவது இல்லை. பெரியவர் யாரும் அறையில் இல்லாமல் இருவரையும் தனியே விடுவது கிடையவே கிடையாது. குழந்தைகளைக் கடிப்பது தெருவில் போகிற அறியாத நாய் மட்டும் இல்லை, பழகிய நாயும் கடிக்கும். எந்த இடத்தில் வாங்கிய, எவ்வளவு சாதுவான நாயாக இருந்தாலும் இந்த ஒழுங்கு வேண்டும்.

---

செவலை வீட்டார்

எங்கள் செவலை வந்தபோது கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்தவன் வெளியே வரவே இல்லை. இரவில் எல்லாரும் தூங்கின பிறகு வந்து தண்ணீர் குடிப்பான், சாப்பிடுவான், மறுபடி உள்ளே. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் "இழுத்து வெளியே விடுங்க, பழகிடும்" என்றார்கள். என் மனைவி ஒருவரையும் கட்டில் பக்கம் விடவில்லை. தினமும் சாயங்காலம் கட்டிலுக்குச் சற்றுத் தள்ளித் தரையில் உட்கார்ந்து, அவனைப் பார்க்காமல், ஏதாவது சத்தமாக வாசிப்பாள். அவ்வளவுதான். முதலில் மூக்கு வெளியே வந்தது. அப்புறம் முன்கால்கள். ஒரு நாள் அவள் வாசித்துக்கொண்டிருக்கும்போதே வந்து அவள் முட்டியில் தாடையை வைத்தான். வாசிப்பதை நிறுத்தாதே என்று நான் சைகை காட்டினேன். அவள் குரல் மட்டும் கொஞ்சம் தடுமாறியது.

இன்றைக்கு வாசலில் யார் வந்தாலும் முதலில் போய் நிற்கிறவன் அவன்தான்.

---

தோப்புக்காரர்

இவ்வளவு கெஞ்சல் தேவையா என்று தோன்றுகிறது. "அடியாத மாடு பணியாது" என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. நாய் என்பது கூட்டமாக வாழும் விலங்கு, ஓநாய் வம்சம். கூட்டத்துக்கு ஒரு தலைவன் வேண்டும். வீட்டில் தலைவன் நாம்தான் என்பதை முதல் நாளே காட்டிவிட வேண்டும். நமக்கு முன்னால் வாசல் தாண்ட விடக் கூடாது, நாம் சாப்பிட்ட பிறகுதான் அதற்குச் சோறு, உறுமினால் புரட்டிப் போட்டு அழுத்திப் பிடிக்க வேண்டும். எங்கள் தாத்தா காலத்தில் இருந்து இப்படித்தான் நாய் வளர்க்கிறோம். ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

---

கூடத்து ஜன்னல்

ஐயா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் அந்த "தலைவன்" கதை எங்கே தொடங்கியது என்பதைச் சொல்ல வேண்டும். 1947ல் ருடால்ஃப் ஷெங்கெல் என்பவர் சுவிட்சர்லாந்தில் பாசல் விலங்குக் காட்சிசாலையில் அடைத்து வைத்திருந்த ஓநாய்களைக் கவனித்து எழுதினார். ஒன்றுக்கொன்று உறவில்லாத ஓநாய்களைச் சின்ன இடத்தில் ஒன்றாகப் போட்டால் சண்டை வரத்தான் செய்யும். அந்தச் சண்டையை வைத்துத்தான் தலைமைப் போட்டி என்ற எண்ணம் பரவியது. டேவிட் மெக் என்ற ஓநாய் ஆய்வாளரும் 1970ல் அதே கருத்தை எழுதினார். பிறகு அவரே காட்டில் பல வருடம் ஓநாய்களின் பின்னால் அலைந்துவிட்டு, 1999ல் தன் கருத்தைத் திருத்தி எழுதினார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் ஒரு குடும்பம்: அப்பா, அம்மா, அவற்றின் குட்டிகள். தாயும் தகப்பனும் முன்னே நடக்கின்றன, பிள்ளைகள் பின்னே போகின்றன. அங்கே தலைமைக்காக யாரும் யாரையும் புரட்டிப் போடுவதில்லை.

அமெரிக்காவில் விலங்கு நடத்தையில் கவனம் செலுத்தும் கால்நடை மருத்துவர்களின் சங்கம் 2008லேயே இந்த அடக்குமுறைப் பயிற்சியை ஏற்க வேண்டாம் என்று அறிக்கை விட்டது. 2021ல் இன்னும் அழுத்தமாக, எந்தப் பயிற்சிக்கும் தண்டனை தேவை இல்லை, பாராட்டிப் பழக்குவதே எல்லா நாய்களுக்கும் போதும் என்றது.

காப்பக நாய்க்கு இது கூடுதலாகப் பொருந்தும். அதை முன்பே யாரோ அடித்திருக்கலாம். கையைத் தூக்கினாலே தரையோடு ஒட்டிக்கொள்ளும் நாய்களை நான் வீட்டில் வைத்திருந்திருக்கிறேன். அதைப் புரட்டிப் போட்டு அழுத்தினால் பணிவு வராது. ஒன்று அடியோடு ஒடுங்கிப்போகும், இல்லை உயிர் பயத்தில் கடிக்கும்.

உறுமல் பற்றி ஒன்று. நாய் உறுமுவது, கடிக்காமல் இருக்க அது எடுக்கும் முயற்சி. அதற்கு அடி கொடுத்தால் உறுமலை நிறுத்திவிடும். பயம் அப்படியே இருக்கும். அடுத்த தடவை எச்சரிக்கை இல்லாமல் நேராகப் பல் பதியும். "திடீரென்று கடித்துவிட்டது" என்று சொல்கிறார்களே, அந்த நாய்களில் பலவற்றுக்கு யாரோ உறுமாதே என்று கற்றுக்கொடுத்திருப்பார்கள்.

---

தோப்புக்காரர்

ஓநாய் விவரம் எனக்குப் புதிது. சரி, உறுமினால் என்னதான் செய்யச் சொல்கிறீர்கள்? பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவா?

---

கூடத்து ஜன்னல்

நின்றுவிடுங்கள், ஐயா. பின்னால் ஓரடி நகருங்கள். எதைப் பார்த்து உறுமியது என்று மனதில் குறித்துக்கொள்ளுங்கள். தட்டுக்காக என்றால், மறுநாளில் இருந்து அது சாப்பிடும்போது நாலடி தள்ளி நடந்து, அதற்குப் பிடித்த ஒரு துண்டைத் தட்டுப் பக்கம் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். நிற்க வேண்டாம், குனிய வேண்டாம். "இவர் பக்கத்தில் வந்தால் எனக்குக் கூடுதலாகக் கிடைக்கிறது, போவதில்லை" என்று அதற்குப் புரிந்தபிறகு தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம். எந்த இடத்திலாவது அது விறைத்தால் முந்தைய தூரத்துக்குத் திரும்புங்கள். உறுமல் கூடிக்கொண்டே போனாலோ, வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தாலோ, நேராக நடத்தை தெரிந்த மருத்துவரிடம் போய்விடுங்கள்.

---

வெள்ளைப்பாதம்

கால்நடை மருத்துவமனையில் உதவியாளராக வேலை செய்கிறேன். குணத்தைப் பற்றி எல்லாரும் பேசுகிறீர்கள், உடம்பைப் பற்றி நான் சொல்கிறேன். ஏனென்றால் பல "குணக் கோளாறு" உண்மையில் வலி. காது சீழ் பிடித்த நாய் தலையைத் தொடவிடாது. இடுப்பு மூட்டு தேய்ந்த நாய் தூக்கினால் கடிக்கும். பல் அழுகிய நாய் தட்டைப் பார்த்தே எரிச்சலாகும். கோபக்கார நாய் என்று திட்டுவதற்கு முன்னால் ஒரு முழுப் பரிசோதனை செய்யுங்கள்.

எடுத்துவந்த முதல் சில நாட்களுக்குள் மருத்துவரிடம் காட்டுங்கள். காப்பகம் கொடுத்த தடுப்பூசி அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். காப்பகத்தில் தொற்றிய நோய் வீட்டுக்கு வந்த பிறகு தலைகாட்டுவது சகஜம். காப்பக இருமல் என்ற தொற்று இருமல் வெளியே தெரிய ஏறக்குறைய இரண்டு நாளில் இருந்து இரண்டு வாரம் வரை ஆகும். பார்வோ என்ற வைரஸ் நோய் என்றால் பெரும்பாலும் மூன்றில் இருந்து ஏழு நாள். அதனால் வீட்டில் வேறு நாய் இருந்தால், அதன் ஊசிகள் எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, முதல் இரண்டு வாரம் இரண்டையும் தனித்தனியே வைப்பது நல்லது. அதன் பிறகு அறிமுகம் செய்யும்போது வீட்டுக்குள் வேண்டாம். இரண்டுக்கும் பழக்கமில்லாத ஒரு வெளியிடத்தில், ஆளுக்கு ஒரு நாயைப் பிடித்துக்கொண்டு, இடைவெளி விட்டு ஒரே திசையில் நடங்கள்.

குட்டி எடுப்பவர்கள் பார்வோவைப் பற்றி நன்றாகத் தெரிந்துகொள்ளுங்கள். 1978ல் அடையாளம் கண்ட வைரஸ் இது. இரத்தம் கலந்த பேதி, வாந்தி, சாப்பிடாமல் துவண்டு கிடப்பது என்று தொடங்கினால் மணிக்கணக்குதான், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மண்ணில் பல மாதம், நிழலான இடத்தில் ஒரு வருடத்துக்கும் மேல் அது உயிரோடு இருக்கும். சாதாரண சோப்புக்குச் சாகாது. நீர் கலந்த பிளீச்சிங் கரைசல் வேண்டும். முன்பு வீட்டில் பார்வோ வந்து போயிருந்தால் ஊசித் தொடர் முடியாத குட்டியைக் கொண்டுவராதீர்கள், பெரிய நாயாக எடுங்கள். குட்டிகளுக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில், பதினாறு வாரம் ஆகும்வரை ஊசி தொடர வேண்டும். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி முன்பே போட்ட ஊசியை வேலை செய்யவிடாமல் தடுத்திருக்கலாம், கடைசி ஊசி அதனால்தான் முக்கியம்.

கொசு உள்ள இடங்களில் இதயப்புழுப் பரிசோதனையும் கேளுங்கள். கொசுக்கடியில் உள்ளே போன புழு முழுதாக வளர ஆறேழு மாதம் ஆகும், அதுவரை பரிசோதனையில் தெரியாது. இன்று இல்லை என்று வந்தாலும் பிறகு மறுபடி பார்க்க வேண்டும்.

ரேபிஸ் ஊசி பற்றிச் சமரசமே கிடையாது. மனிதருக்கு வரும் ரேபிஸில் 99 சதவீதம் வரை நாய் மூலம்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அறிகுறி தெரிந்துவிட்டால் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை. எந்த நாய் கடித்தாலும், சின்னக் கீறல் என்றாலும், பதினைந்து நிமிடம் சோப்பும் ஓடும் தண்ணீரும் விட்டுக் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

காப்பகத்தில் என்ன சாப்பிட்டது என்று கேட்டு அதையே முதலில் கொடுங்கள். ஒரு வாரம், பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். வந்த அன்றே உணவை மாற்றினால் வயிறு கெடும், கெட்ட வயிற்றை நோய் என்று நினைத்து நீங்களும் பதறுவீர்கள். சாக்லேட், திராட்சை, வெங்காயம், சைலிட்டால் என்ற சர்க்கரை மாற்று கலந்த இனிப்புகள் கைக்கெட்டாத இடத்தில் இருக்கட்டும்.

---

இரவுக்காவல்

நன்றி, இப்படி விவரமாக யாரும் சொல்வதில்லை. இன்னொன்று கேட்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் நாயை எடுத்துப் போய் ஒரு மாதத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டது. எனக்கு அவர்கள் மேல் இன்னும் கோபம் தீரவில்லை. ஒரு தடவை கைவிடப்பட்ட ஜீவனை மறுபடியும் கைவிடுவது துரோகம் இல்லையா? முடியாது என்றால் எடுத்திருக்கவே கூடாது.

---

கூடத்து ஜன்னல்

இந்தக் கோபம் எனக்கும் இருந்தது. பராமரிப்பு வேலையில் இறங்கிய பிறகு குறைந்துவிட்டது. ஏன் என்று சொல்கிறேன்.

திருப்பிக் கொடுப்பது துரோகம் என்று ஊரே சொன்னால், திருப்பிக் கொடுக்க வேண்டிய நிலையில் இருக்கிறவர் என்ன செய்வார்? வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லாமல் மொட்டைமாடியில் கட்டிப்போடுவார். இல்லாவிட்டால் தெரியாத ஊரில் கொண்டுபோய் இறக்கிவிடுவார். இரண்டும் நடக்கிறது. நேராகக் காப்பகத்துக்கு வந்து, "எங்களால் முடியவில்லை, இன்ன இன்ன நடந்தது" என்று சொல்கிறவர் அந்த நாய்க்குச் செய்வது ஒரு உதவி. அவர் வீட்டில் அந்த நாய் எப்படி இருந்தது என்பது கூண்டில் ஒருபோதும் தெரிந்திருக்காத தகவல். பூனையைத் துரத்தியது, குழந்தைகளிடம் நன்றாக இருந்தது, தனியே விட்டால் அழுதது என்று அவர் எழுதிக் கொடுக்கும் ஒரு பக்கத்தால் அடுத்த குடும்பம் சரியாக அமைகிறது. எனக்கு வந்த நாய்களில் இரண்டாவது முயற்சியில் நல்ல வீடு அமைந்தவை உண்டு.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். உதவியே கேட்காமல் திருப்பிக் கொடுப்பவர்கள் மேல். கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தீர்ந்திருக்கக்கூடிய விஷயத்துக்கு நாயை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவார்கள். அப்புறம், காப்பகங்கள் மேலும். நாயைக் கொடுத்த கையோடு கதவைச் சாத்திக்கொள்ளாமல், முதல் மாதத்தில் தாங்களாகவே கூப்பிட்டு விசாரிக்க வேண்டும். எல்லா இடத்திலும் அப்படிச் செய்வதில்லை.

---

தூறல்

நாங்கள் திருப்பிக் கொடுக்கும் விளிம்பில் இருக்கிறோம், அதனால்தான் எழுதுகிறேன். நாங்கள் இருக்கும்போது எங்கள் நாய் தங்கம். வெளியே போனால் கதவைப் பிறாண்டி நகம் பிய்ந்து இரத்தம் வருகிறது. ஊளையில் பக்கத்து வீட்டுக்காரர்கள் புகார். வீம்புக்குச் செய்கிறதா?

---

மாலைநடை

வீம்பு இல்லை, தூறல். நகம் பிய்கிற அளவுக்குப் போனால் அது பீதி. தண்டிக்காதீர்கள், நீங்கள் திரும்பி வருவதையும் சேர்த்துப் பயப்படத் தொடங்கிவிடும். கூண்டில் அடைத்துவிட்டும் போகாதீர்கள், பல்லை உடைத்துக்கொள்ளும்.

ஒரு கேமராவை வைத்து, நீங்கள் போனபிறகு எத்தனை நொடியில் தவிப்பு தொடங்குகிறது என்று பாருங்கள். அந்த நொடிக்கு முன்னால் திரும்பி வந்துவிட வேண்டும். அதுதான் பயிற்சியின் அடிப்படை. கதவைத் திறந்து மூடுவது, வெளியே நின்று உடனே வருவது, பிறகு கொஞ்சம் அதிகம் என்று, தவிப்பு வராத எல்லைக்குள்ளேயே நேரத்தை நீட்டிக்கொண்டு போக வேண்டும். சாவியைக் கையில் எடுத்தாலே நடுங்குகிறது என்றால், எங்கும் போகாமல் சாவியை எடுத்து வைத்துக்கொண்டே இருங்கள், சாவிக்கு அர்த்தம் போய்விடும். இந்தப் பயிற்சி நடக்கும் வாரங்களில் அதைத் தனியே விடாமல் இருக்க உறவினர், நண்பர், அக்கம்பக்கம் என்று யாரையாவது ஏற்பாடு செய்யுங்கள். அதுதான் கடினமான பகுதி என்று எனக்குத் தெரியும்.

மருத்துவரிடமும் பேசுங்கள். ஃபுளூவாக்செட்டின், குளோமிப்ரமின் போன்ற மருந்துகள் இந்தப் பிரச்சினைக்கே கொடுக்கப்படுகின்றன. மருந்து என்றதும் பயப்பட வேண்டாம். பீதியில் இருக்கிற மூளைக்கு எதையும் கற்றுக்கொள்ள முடியாது, பீதியை இறக்கினால்தான் பயிற்சி உள்ளே போகும். வேலை செய்யச் சில வாரம் ஆகலாம். மருத்துவர் சொல்லாமல் அளவை மாற்றவோ பாதியில் நிறுத்தவோ கூடாது.

பக்கத்து வீட்டுக்காரர்களிடம் நேரில் போய், "இதைச் சரிசெய்ய இன்னின்ன முயற்சி எடுக்கிறோம்" என்று சொல்லுங்கள். அதற்கே பாதிக் கோபம் அடங்கும்.

---

தூறல்

கேமரா வைத்துப் பார்த்தோம். நாங்கள் படி இறங்குவதற்குள் தொடங்கிவிடுகிறது. மருத்துவரிடம் நேரம் வாங்கியிருக்கிறோம். என் அக்கா பகலில் வந்து இருப்பதாகச் சொல்லியிருக்கிறாள். திருப்பிக் கொடுக்கும் பேச்சை இப்போதைக்கு நிறுத்திவிட்டோம்.

---

பழையவீடு

எல்லாரும் பிள்ளைகள் இருக்கிற வீட்டைப் பற்றிப் பேசுகிறீர்கள். என்னைப் போல வயதானவர்கள் சார்பாக நான் ஒன்று சொல்கிறேன். காப்பகத்தில் கடைசி வரிசைக் கூண்டுகளில் பத்து வயது, பன்னிரண்டு வயது நாய்கள் படுத்திருக்கும். முகம் நரைத்திருக்கும். அநேகமாக வீட்டிலேயே வளர்ந்தவை. வளர்த்தவர் இறந்துபோயிருப்பார், பிள்ளைகள் கொண்டுவந்து விட்டிருப்பார்கள். வாசலில் காலடிச் சத்தம் கேட்டால் ஒரு தடவை தலை தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொள்ளும்.

நானும் மனைவியும் அப்படிப்பட்ட நாய்களைத்தான் எடுக்கிறோம். அவற்றுக்கு நீண்ட ஓட்டம் வேண்டாம், மெதுவாக ஒரு நடை போதும். எங்கள் காலும் அவ்வளவுதான் நடக்கும். செலவு இருக்கிறது, மறைக்க மாட்டேன்: பல், மூட்டு, சிறுநீரகம் என்று ஏதாவது வரும். வழுக்காத விரிப்பு போட வேண்டும், இரவில் எழுந்து வெளியே விட வேண்டும். அதெல்லாம் செய்யக்கூடிய வேலைதான்.

"சீக்கிரம் போயிடுமே, மனசு தாங்குமா?" என்று கேட்கிறார்கள். தாங்கத்தான் வேண்டும் தம்பி. 1914ல் ஜெர்மனியில் போன் நகருக்கு அருகே ஒபர்காசல் என்ற இடத்தில், ஏறக்குறைய 14,000 வருடப் பழைய குழி ஒன்றில் ஓர் ஆண், ஒரு பெண்ணின் எலும்புகளோடு ஒரு நாய்க்குட்டியின் எலும்பும் கிடைத்தது. அந்தப் பற்களை மறுபடி ஆராய்ந்து 2018ல் எழுதினார்கள். குட்டிக்கு ஏழு மாதம்கூட நிறைந்திருக்காது, டிஸ்டம்பர் என்ற வைரஸ் நோய் வந்து வாரக்கணக்கில் கிடந்திருக்கிறது. யாராவது பக்கத்தில் இருந்து சுத்தம் செய்து, தண்ணீர் கொடுத்துப் பார்த்துக்கொள்ளாமல் அத்தனை நாள் தாங்கியிருக்காது என்கிறார்கள். நோயில் கிடக்கும் குட்டியால் வேட்டைக்கு ஒரு உபயோகமும் இல்லை. ஆனாலும் பார்த்துக்கொண்டார்கள். அப்படி ஒரு குட்டிக்கு அவர்கள் செய்ததை, நரைத்த நாய்க்கு நாம் செய்யக் கூடாதா?

---

முதல்முறை

எல்லாவற்றையும் என் கணவருக்கும் மாமியாருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். மூவரும் பையனும் போய் வந்தோம். கூண்டைக் கழுவும் அம்மாவிடம் கூடத்து ஜன்னல் அக்கா சொன்ன கேள்விகளை ஒன்றுவிடாமல் கேட்டேன். பாதத்தைத் தொடவிடும், தட்டை எடுத்தால் ஒதுங்கி நிற்கும், பலத்த சத்தத்துக்கு மட்டும் பயம் என்றார். வெளியே நடக்கவிட்டபோது அவள் பையனிடம் தானாக வந்து கையை முகர்ந்தாள். நாங்கள் யாரும் அழைக்கவில்லை. கடைசியில் மாமியார்தான், "கறுப்பி நல்லாத்தான் இருக்கா" என்றார்.

தற்காலிகப் பராமரிப்புக்குச் சம்மதித்துவிட்டார்கள். வரும் வாரம் கூட்டி வருகிறோம். முதல் நாளில் முக்கியமாக எதைக் கவனிக்க வேண்டும்?

---

மாலைநடை

கதவைக் கவனியுங்கள். புதிதாக வந்த நாய்கள் தொலைந்துபோவது பெரும்பாலும் முதல் சில நாட்களில்தான். இது தன் வீடு என்று தெரியாது, உங்கள் குரலும் தெரியாது. ஒரு சத்தத்துக்குப் பயந்து ஓடினால் கூப்பிட்டால் வராது, துரத்தினால் இன்னும் ஓடும். அவளுக்குச் சத்தப் பயம் வேறு இருக்கிறது.

அதனால் காரில் இருந்து இறக்கும் முன்பே கயிறு கையில் சுற்றியிருக்கட்டும். கழுத்துப்பட்டையில் ஒன்று, உடம்பைச் சுற்றிப் போடும் ஹார்னெஸில் ஒன்று என்று இரண்டு கயிறு போடுங்கள். பின்னால் இழுத்தால் தலை வழியே கழன்றுவிடாத பட்டையா என்று காப்பகத்திலேயே இழுத்துப் பாருங்கள். பட்டையில் உங்கள் தொலைபேசி எண் அன்றைக்கே தொங்க வேண்டும். தோலுக்கு அடியில் அடையாள மைக்ரோசிப் போட்டிருந்தால் அந்தப் பதினைந்து இலக்க எண்ணில் யாருடைய விவரம் பதிவாகியிருக்கிறது என்று கேட்டு, முறையாகத் தத்தெடுத்ததும் உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள். நாய் எங்கே இருக்கிறது என்று சிப் காட்டாது, கண்டெடுத்தவர் கருவியால் படித்தால்தான் எண் தெரியும். பழைய விவரம் இருந்தால் அந்த எண்ணால் பயனில்லை.

வந்ததும் முதலில் சிறுநீர் கழிக்க வேண்டிய இடத்துக்குக் கூட்டிப்போங்கள், பிறகு வீட்டுக்குள். அன்றைக்குக் குளிப்பாட்ட வேண்டாம், சொந்தக்காரர்களைப் பார்க்கக் கூப்பிட வேண்டாம். தண்ணீர், படுக்கை, ஒரு மூலை. அவ்வளவு போதும். முதல் நாள் சாப்பிடாவிட்டால் கவலைப்படாதீர்கள், மறுநாளும் தொடவில்லை என்றால் மருத்துவரைக் கூப்பிடுங்கள். முதல் வாரம் வாசற்கதவைத் திறக்கும் முன் அவள் எங்கே இருக்கிறாள் என்று பார்க்க எல்லாருக்கும், முக்கியமாகப் பையனுக்கு, சொல்லி வையுங்கள்.

---

செவலை வீட்டார்

சத்தமாக வாசிக்க ஏதாவது புத்தகமும் எடுத்து வையுங்கள். எங்கள் வீட்டில் அது நன்றாக வேலை செய்தது.